ஏலக்காரர் வீட்டு டவர்

பாத்து ஏறுங்கம்மா, கடைசிப் படி கொஞ்சம் உயரம். ஆங், இதுதான் மொட்டைமாடி. துணி காயப்போட இந்தப் பக்கம் கொடி கட்டியிருக்கேன். கடல்காத்து நல்லா வரும், ஈரத்துணி சடசடன்னு காஞ்சிரும். அந்தா அந்தக் கம்பியில மட்டும் துணி போடாதீங்க. ஆமா, மூணு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்குல்லா, அதுதான். டவரைப் பிடிச்சு நிறுத்துற கம்பி அது.

செல்போன் டவரான்னு கேக்கீங்க. வீடு பாக்க வர்ற எல்லாரும் அதத்தான் மொதல்ல கேக்காங்க. இல்லம்மா. இது எங்க வீட்டு அவுக வச்சது. ஹாம் ரேடியோன்னு சொல்லுவாங்க. வீட்ல உக்காந்துக்கிட்டே எந்த நாட்டுக்காரங்கிட்ட வேணும்னாலும் பேசலாம், லைசென்ஸ் இருந்தா. அதுக்கு இந்த உயரம் வேணுமாம். உச்சியில தெரியுதுல்லா, மீன் முள்ளு மாதிரி குறுக்கும் நெடுக்கும் கம்பி, அதுதான் ஏரியலு. அவுக போன தவக்காலத்துல தவறிட்டாக. டவரு நிக்கிது.

செத்த உக்காருங்க. வெயில் இந்தப் பக்கம் வராது. வீட்டப் பத்திப் பெறவு பேசிக்கிடலாம்.

நீங்க கோவில்பட்டிப் பக்கம்னு சொன்னீங்க, அதனால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துல ஏலக்காரர் அருளப்பன்னு கேட்டுப்பாருங்க, இன்னைக்கும் சொல்லுவாங்க. மீன் ஏலம் கூறுறதுதான் அவுக வேலை. சீலா, பாறை, விளமீன்னு குவிச்சிப் போட்டிருக்கும், அத்தனை யாவாரியும் அத்தனை சத்தம் போடுவான், எல்லாத்துக்கும் மேல அவுக குரல் நிக்கும். ஏலக்கூடத்துல கூறுனா ஐஸ் கம்பெனி வரைக்கும் கேக்கும்பாங்க. மாதா கோயில் சப்பரம் தூக்குறதுனாலும், போட்டைக் கரையேத்துறதுனாலும் மொதக் குரல் அவுகதான் குடுக்கணும். அவுக குடுத்தாத்தான் மத்தவன் தோள் குடுப்பான்.

வெளியில பேசினது போதாதுன்னு வீட்டுக்கு வந்தும் பேச்சு. குளிக்கும்போது பேச்சு, சாப்பிடும்போது பேச்சு. நான் அடுக்களையில நின்னா அடுக்களைக்கே வந்து பேச்சு. எனக்குத் தலைவலி வரும்மா. "கொஞ்சம் வாய மூடிட்டுத்தான் இருங்களேன்"னு ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன். சும்மா சொல்லுறதுதான். எந்த வீட்ல பொம்பளைங்க சொல்லல?

பெறவு குரல் கம்மிச்சு. கத்துற வேலைதானேன்னு உப்புத்தண்ணி கொப்பளிக்கச் சொன்னேன், சித்தரத்தை இடிச்சிக் குடுத்தேன். சரியாகல. மதுரைக்குப் போனோம். தொண்டையில புத்துநோய்ன்னாங்க. குரல்வளையவே எடுத்துட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்டை, அது வழியாத்தான் மூச்சு. அதுக்கு மேல ஒரு வெள்ளத்துணியக் கட்டிக்கிடணும். உசுரு மிச்சம்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன்.

கழுத்துல வச்சு அழுத்துனா பேசுற மாதிரி சத்தம் வர்ற மெசினு ஒண்ணு, எங்க மக ஜெனிட்டா குவைத்துலருந்து வாங்கி அனுப்பினா. அவ அங்க நர்சு. அதுல பேசுனா வண்டு உறுமுற மாதிரி இருக்கும். ஒருநா அவுக அதை வச்சிக்கிட்டு ஏலக்கூடத்துக்குப் போனாக. போன வேகத்துல திரும்பி வந்து, மெசினைக் கொண்டுபோய் பீரோவுக்குள்ள வச்சிட்டாக. அங்க என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல. கேட்டாலும் எப்படிச் சொல்லுவாக?

உதட்ட அசைச்சா எனக்கு விளங்காது, போன்ல எழுதிக் காட்டுவாக. எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாதும்மா. நான் மாவு பிசைஞ்ச கைய கழுவிட்டு, கண்ணாடியத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு வர்றதுக்குள்ள அவுகளுக்குக் கோவம் வந்து அழிச்சிருவாக. "என்ன எழுதியிருந்தீங்க"ன்னா ஒண்ணுமில்லன்னு கைய ஆட்டுவாக. என்னையக் கூப்பிடணும்னா கையத் தட்டுவாக. நாயக் கூப்பிடுற மாதிரி இருக்குன்னு ஒருநா சொல்லிப்புட்டேன். அதுக்குப் பெறவு தட்டுறது இல்ல. நான் திரும்பிப் பாக்குற வரைக்கும் வாசல்ல நிப்பாக.

மொதல்ல நாலு பேரு பாக்க வந்தாங்க. போகப்போக யாரும் வரல. பதில் சொல்லாத மனுசங்கிட்ட எம்புட்டு நேரம் பேச முடியும், அவங்களத் தப்புச் சொல்ல முடியாது. மச்சாடோ அண்ணன் மட்டும் வந்தாரு. அடுத்த தெருதான். கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்து ஓய்வாகி வந்தவரு. அவரு ஒரு பித்தளைக் கட்டையக் கொண்டுவந்தாரு. அமுக்குனா டிக்குன்னு சத்தம் வரும். தந்தி ஆபீசுல முந்தி வச்சிருப்பாங்கள்லா, அந்த மாதிரி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு விதமாத் தட்டணும். சின்னதா, நீளமா, மாத்தி மாத்தி. மோர்ஸுன்னு பேரு. ரெண்டு பேரும் எதிரெதிர உக்காந்து டிக்கு டிக்குன்னு தட்டிக்கிட்டு, எதுக்கோ சிரிப்பாங்க. அவுக சிரிச்சா சத்தம் வராது, தோளு மட்டும் குலுங்கும். ஆபரேசனுக்குப் பெறவு அவுக சிரிச்சி நான் பாத்தது அன்னைக்குத்தான். அதுவும் எங்கூட இல்ல.

வெறியா படிச்சாக. சென்னைக்குப் போய் பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கிட்டாக. பழைய ரேடியோ பெட்டி ஒண்ணை மச்சாடோ அண்ணனே குடுத்தாரு. மாடியில ஒரு கம்பிய இழுத்துக் கட்டி, கீழ முன்ரூம்ல பெட்டிய வச்சாக. காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தாகன்னா எழுந்திரிக்கவே மாட்டாக. ஒருநா நான் சோத்தத் தட்டுல போட்டு வச்சு, "வர்றீங்களா இல்லியா"ன்னு கேட்டேன். போனை நீட்டுனாக. அன்னைக்குக் கண்ணாடி என் தலையிலயே இருந்துச்சு. என்ன எழுதியிருந்தாகன்னா, 'எல்லாரும் பேசுறது எனக்குக் கேக்குது. நான் சொல்லுறது யாருக்கும் கேக்கல.'

கம்பி தாழ்வா இருந்தா அப்படித்தானாம். அதுக்குத்தான் டவரு.

எங்க வைக்கிறதுன்னு பாத்தா, கொல்லையில முருங்கை நின்ன இடந்தான் தோதுன்னு மச்சாடோ அண்ணன் சொல்லிட்டாரு. நான் வச்ச முருங்கைம்மா அது. தெருவுக்கே கீரை குடுத்த மரம். வெட்டுறதுக்கு முந்தி என்னையக் கேட்டாகளான்னா, கேட்டாக. எழுதிக் காட்டினாக. நான் சரின்னு சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உள்ள போயிட்டேன். வெட்டிட்டாக.

டவரு மூணு துண்டா வந்துச்சு. குழி தோண்டி, சிமெண்டு கலந்து, அடித்துண்டை நட்டு, காயவிட்டாங்க. மத்த ரெண்டையும் கயத்துல ஏத்தி ஒண்ணு மேல ஒண்ணா வச்சு போல்ட்டு போட்டு முறுக்கணும். கிரேனு இந்தச் சந்துக்குள்ள வராது. துறைமுகத்துலருந்து கித்தேரியான்னு ஒரு பையன் பத்துப் பன்னெண்டு ஆளைக் கூட்டிட்டு வந்துட்டான். மீன்பிடி போட்டு ஓட்டுற பையலுக. பாய்மரம், கயிறு, கப்பின்னா அவனுகளுக்குச் சொல்லிக் குடுக்கணுமா? "ஏலக்காரண்ணனுக்கு நாங்க செய்யாம யாரு செய்வா"ன்னு வந்து நின்னானுக.

நான் அத்தனை பேருக்கும் டீ போட்டுட்டு இருந்தேன். அதனால முழுசாப் பாக்கல. அடுக்களை ஜன்னல் வழியா பாத்ததுதான். கயத்தைப் பிடிச்சு வரிசையா நின்னாச்சு. மேல ஒருத்தன் ஏறி உக்காந்தாச்சு. ஒருத்தனும் இழுக்கல. என்னடான்னு பாத்தா, அம்புட்டு பேரும் அவுக மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கானுக. பழக்கம்மா. மொதக் குரல் அவுகதான குடுப்பாக. அவுகளும் அந்த ஞாபகத்துலயே, நெஞ்ச நிமித்தி, தலையத் தூக்கி, வாயத் தொறந்துட்டாக. சத்தம் எங்க வரும்? கழுத்துல கட்டியிருந்த துணிதான் உள்ள போயி வெளிய வந்துச்சு.

டீ பொங்கி அடுப்புல வழியிது, எனக்குக் கை ஓடல. அப்புறம் அவுக தோள்ல கிடந்த துண்டை எடுத்து மேல தூக்கி, ஓங்கி கீழ விட்டாக. கித்தேரியான் "ஏலேலோ"ன்னு கத்தினான். கத்தும்போதே அவன் குரல் ஒடைஞ்சு போச்சு. மத்தவனுக "ஐலசா"ன்னு இழுத்தானுக. துண்டு மேல போகும், கீழ வரும். அவன் கத்துவான், இவனுக இழுப்பானுக. டவரோட மிச்ச ரெண்டு பாகமும் ஏறி, ஏரியலும் ஏறிடுச்சு. தெருவே கூடி நின்னு பாத்துச்சு. நான் போய் டீயக் குடுத்தேன். அவுக என்னையப் பாத்து, மேல கையக் காட்டி, எப்படின்னு கேட்டாக. "கண்ணுபட்ற மாதிரி இருக்கு, இடி விழாம இருந்தாச் சரி"ன்னேன்.

அடுத்தநா நான் கொல்லையில மீன் ஆஞ்சிக்கிட்டு இருக்கேன். உள்ளருந்து ஓடி வாராக. ஓடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, மூச்சு வாங்கும். கையில ஒரு தாளு. என் கண்ணுக்கு நேரா பிடிச்சாக. பெரிய பெரிய எழுத்து, கண்ணாடி இல்லாமலே தெரியிற மாதிரி எழுதியிருக்காக. 'ஜப்பான்காரன். நான் சொன்னது அவனுக்குக் கேட்டுச்சு.'

"சரி, அந்த வாளிய இந்தப் பக்கம் எடுத்து வைங்க"ன்னேன். கையெல்லாம் செதிலு, நான் வேற என்ன சொல்ல? எடுத்து வச்சிட்டுப் போயிட்டாக.

பெறவு தினமும் யாராவது கிடைப்பான். ரஷ்யாங்காக, இத்தாலிங்காக. என்னதான் பேசுவாங்கன்னு மச்சாடோ அண்ணங்கிட்ட கேட்டேன். பேரு, ஊரு, அங்க மழையா வெயிலா, நான் தட்டுறது தெளிவா கேக்குதா, அம்புட்டுத்தானாம். அதுக்கா ஒரு மரத்தை வெட்டி, இம்புட்டு இரும்பைத் தூக்கி நிறுத்தணும்? மழையா வெயிலான்னு நான் இங்கருந்தே சொல்லுவேனே.

என்னையும் படிக்கச் சொன்னாகம்மா. அதையும் சொல்லணும்லா. எழுத்துக்கு எழுத்து புள்ளியும் கோடுமா ஒரு அட்டை எழுதி, அடுக்களையில காலண்டர் பக்கத்துல ஒட்டிவச்சாக. சாப்பிடும்போது மேசையில தட்டிக் காட்டுவாக. டிவி பாக்கும்போது பக்கத்துல வந்து உக்காந்து என் கைய எடுத்து உள்ளங்கையில தட்டுவாக. சின்னதுக்கு ஒரு தட்டு, நீளத்துக்கு ஒரு அழுத்து. எனக்குக் கூச்சமா இருக்கும், எரிச்சலாவும் இருக்கும். வெடுக்குன்னு கைய இழுத்துக்கிடுவேன். பேத்தி எடுக்கப்போற வயசுல ஆனா ஆவன்னா படிக்கச் சொன்னா? அவுகளுக்குப் பொழுது போகணும். எனக்கு அடுப்பு இருக்கு, துணி இருக்கு, பூசைக்குப் போகணும். அந்த அட்டை மறையிற மாதிரி மாதா படம் போட்ட பெரிய புதுக் காலண்டரை மாட்டினேன். வேற ஆணி இல்ல அங்க.

பக்கத்து வீட்டு தொபியாஸு வேற சண்டைக்கு வந்துட்டாரு. இவுக தட்ட ஆரம்பிச்சா அவரு வீட்டு டிவியில கோடு கோடா ஓடுதாம். ஒருநா சாயங்காலம் வாசல்ல நின்னு, "ஊமையனுக்கு எதுக்குய்யா ரேடியோ"ன்னு கத்திட்டாரு. அந்த வார்த்தை தப்புதான். ஆனா அவரு சொன்னதுல நியாயம் இருந்துச்சா இல்லியா? தெருவுல நாலு பேரோட நாம வாழணும்லா. நான் உள்ள போயி, "நிறுத்துங்க"ன்னேன். அவுக ஒரு விரலைக் காட்டி, கொஞ்சம் பொறுன்னாக. எங்கயோ தீவுல இருக்கவனாம், ரொம்ப நாளா தேடினவனாம், அன்னைக்குத்தான் கிடைச்சானாம். பெறவு மச்சாடோ அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும். வெளியில தொபியாஸு நிறுத்தாம கத்துதாரு. நான் என்ன செய்ய? பியூஸைப் புடுங்கிட்டேன்.

கோவப்படல. திட்டணும்னாலும் எப்படித் திட்டுவாக. காதுல மாட்டினதக் கழட்டாம, அந்தப் பெட்டி முன்னால அப்படியே உக்காந்திருந்தாக. நான் பியூஸைத் திரும்பப் போட்டு, விளக்கு எரிஞ்ச பெறவும் அப்படியே இருந்தாக. அதுலருந்து தொபியாஸு எந்திரிக்கிறதுக்கு முந்தி, விடியக்காலத்துலதான் தட்டுவாக. எங்கிட்ட தட்டிக் காட்டுறதையும் விட்டுட்டாக. நானும் அப்பாடான்னு இருந்துட்டேன்.

அடுத்த வருசமே நோய் திரும்பிடுச்சு. இந்தவாட்டி ஈரலுக்குப் போயிடுச்சுன்னாங்க. செய்யிறதுக்கு ஒண்ணுமில்ல, வலி தெரியாம பாத்துக்கிடலாம்னு இங்க ஒரு ஆஸ்பத்திரியில சேத்தோம். ஜெனிட்டாவுக்கு லீவு கிடைக்கல. நாந்தான் கூட இருந்தேன். ஒரு கையில ஊசி ஏத்தியிருக்கும், அசைக்க முடியாது. இன்னொரு கை வீங்கிப்போச்சு. பேனா குடுத்தா நழுவி விழும், போனையும் பிடிக்க முடியாது. கண்ணு மட்டும் என்னையவே பாத்துக்கிட்டு கிடக்கும்.

ஒருநா காலையில என் கைய இழுத்து உள்ளங்கையில தட்ட ஆரம்பிச்சாக. எனக்கு என்ன தெரியும்? "வலிக்குதா"ன்னேன். இல்லன்னு தலைய லேசா ஆட்டுனாக. "திரும்பிப் படுக்கணுமா? பங்குச் சாமியாரக் கூப்பிடணுமா? ஜெனிட்டாகூட பேசணுமா?" எல்லாத்துக்கும் இல்ல, இல்ல. தட்டுறதை மட்டும் நிறுத்தல. தட்டித் தட்டி விரல் ஓய்ஞ்சு போகும், கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பத் தட்டும். எனக்கு அழுகையா வருது. ஏதோ பெருசா சொல்ல வாராக, வீட்டப் பத்தியோ மகளப் பத்தியோ, எனக்கு விளங்கலியேன்னு மச்சாடோ அண்ணனுக்குப் போன் போட்டேன். அவரு ஒரு கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போயிருந்தாரு. பந்தியில உக்காந்தவரு அப்படியே எழுந்திரிச்சு பஸ் ஏறி வந்து சேரும்போது மத்தியானம் தாண்டிடுச்சு.

கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு, அவுக கைக்குக் கீழ தன் கைய வச்சாரு. அவுக தட்டினாக. அண்ணன் மூஞ்சி மாறிப்போச்சு.

"என்னண்ணே சொல்லுதாக?"

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "தண்ணி கேக்காரு, தங்கச்சி"ன்னாரு.

தண்ணிம்மா. காலையிலருந்து அவுக கேட்டது தண்ணி. பக்கத்துலயே சொம்புல இருக்கு. டாக்டர் குடுக்கக்கூடாதுன்னும் சொல்லல. ஸ்பூன்ல குடுத்தேன். உதடு வெடிச்சுப் போயிருந்துச்சு. குடிச்சாக, இன்னும்னு வாயத் தொறந்தாக. அண்ணன் வராந்தாவுல போய் நின்னுக்கிட்டாரு.

போகும்போது எனக்கு ஒரு ஏற்பாடு சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு. முழு வார்த்தையும் வேண்டாம், ஒரே ஒரு நீள அழுத்து அழுத்தினா தண்ணின்னு வச்சுக்கங்க. அவுகளுக்கும் அதைத் தட்டிச் சொன்னாரு. அவுக சரின்னு கண்ணை மூடித் தொறந்தாக. அது நல்லா பழகிடுச்சு. அழுத்துவாக, நான் ஸ்பூனை எடுப்பேன். அந்தக் கொஞ்ச நாளு எங்களுக்குள்ள ஒரு குறையும் இல்ல. ஒருவாட்டி நான் கண்ணசந்திருந்தப்போகூட அழுத்தினது தெரிஞ்சு முழிச்சுக் குடுத்தேன். அவுக தோளு லேசா குலுங்குச்சு. சிரிச்சாக. என்னையப் பாத்துத்தான்.

கடைசி நாளு, மத்தியானம். பக்கத்துக் கட்டிலுக்கு யாரோ சாப்பாடு கொண்டுவந்து பிரிச்சிட்டு இருக்காங்க. அவுக ரொம்ப நேரம் கண்ணு தொறக்கல. திடீர்னு தொறந்து என்னையப் பாத்தாக. என் கையிலதான் அவுக கை இருந்துச்சு. விரல் நீளமா ஒரு அழுத்து அழுத்துச்சு. நான் உடனே கைய எடுத்துட்டு சொம்புப் பக்கம் திரும்பினேன். கைய எடுக்காம எப்படிம்மா தண்ணி எடுக்க? ஸ்பூன்ல தண்ணியோட திரும்பிப் பாக்கேன், வெறும் விரிப்பு மேல அந்த விரல் இன்னும் தட்டிக்கிட்டே இருக்கு. சின்னதும் நீளமுமா என்னமோ தட்டுது. துணியில தட்டுனா சத்தமும் இல்ல. நான் ஸ்பூனை உதட்டுல வச்சேன். வாயத் தொறக்கல. தண்ணி கடைவாய் வழியா வழிஞ்சு தலகாணிக்குப் போச்சு. விரலு நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல கழுத்துத் துணியும் நின்னுச்சு.

அடக்கமெல்லாம் முடிஞ்ச பெறவு மச்சாடோ அண்ணங்கிட்ட கேட்டேன். அவரு கைய நீட்டி, "எப்படித் தட்டினாரு, தட்டிக் காட்டுங்க தங்கச்சி"ன்னாரு. நான் நீளமா ஒண்ணு அழுத்துனேன். "அதுக்கப்புறம்?"னாரு. என்னென்னமோ தட்டிப் பாத்தேன். அது எழுத்தே இல்லங்காரு. "நீளத்துல ஆரம்பிக்கிற எழுத்து நிறைய இருக்கு, தங்கச்சி. அடுத்தது தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்"னாரு. இன்னைக்கும் வரும்போதெல்லாம் கைய நீட்டுவாரு, நானும் தட்டிப் பாப்பேன். ஒவ்வொரு வாட்டியும் வேற வேறயா வருது.

எனக்கு இதுதாம்மா மனசு ஆறல. ஜப்பான்காரனுக்கு விளங்கணும்னு டவரு வச்ச மனுசன். எனக்கு அந்தத் தட்டு தெரியாதுன்னு அவுகளுக்குத் தெரியும்லா? தெரிஞ்சிக்கிட்டே, கடைசியா சொல்ல வேண்டியத அதுலயா சொல்லணும்? எனக்கு விளங்குற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா, நீங்களே சொல்லுங்க.